நான் ஊற்றச் சொன்னது

எழுபத்து மூன்று வயதில்தான் நான் முதன்முதலாகத் தரை கழுவும் மருந்து பாட்டில் ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தேன்.

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பேரங்காடி இருக்கிறது. அதன் கடைசி வரிசை முழுக்க வீடு கழுவும் சாமான்கள். எலுமிச்சை, பைன், லாவெண்டர், மல்லிகை என்று வாசத்துக்கு ஒரு நிறம். 'காலை மழை' என்று ஒரு வாசம்கூட இருந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எறும்பு அளவில் எழுத்துகள். பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் படித்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "என்ன அங்கிள், பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

வாசம் இல்லாதது வேண்டும் என்றேன்.

"வாசம் இல்லாததா? அத யார் அங்கிள் வாங்குவா? வாசம் இல்லாட்டி கழுவுன மாதிரியே இருக்காதே லா."

கையிலிருந்த பாட்டிலைத் தட்டில் திரும்ப வைத்தேன். அதே வாக்கியத்தை நாற்பது வருடமாக நான் என் வீட்டில் சொல்லிவந்தவன்.

என் மனைவி அப்போது கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் எங்கள் மகள் வீட்டில் இருந்தாள். அவளுடைய நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காட்டமான எந்த வாசம் பட்டாலும் மூச்சு இழுக்கும். வீட்டில் அப்படிப்பட்ட வாசம் எதுவும் இல்லாமல் செய்தால் அவள் தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த வரிசையில் நின்றேன். அவள் நுரையீரல் கெட்டது என்னால். அவளே கெடுத்துக்கொண்டாள் என்று டாக்டரிடமும் மகளிடமும் அண்டை அயலாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் அப்பா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தார். எங்கள் குவாட்டர்ஸ் எப்போதும் பினாயில் வாசம் அடிக்கும். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் அடுப்புப் புகையும் ரப்பர் பாலும் கலந்த ஒரு நாற்றம் அடிக்கும். சுத்தம் என்றால் மருந்து வாசம் என்று சின்ன வயதிலேயே எனக்குப் பதிந்துவிட்டது. நாங்கள் அவர்களைவிட மேல் என்பதற்கும் அந்த வாசமே சாட்சி என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் படிவம்வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புவரை, அறிவியல் படித்தேன். அக்கரையில் பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருடம் அங்கேதான். தினமும் ஃபெரியில் கடலைக் கடந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன். வாசம் இல்லாவிட்டால், "இன்னைக்கு வீடு கழுவலயா?" என்று கேட்பேன். கத்த மாட்டேன். கேட்பேன், அவ்வளவுதான். கழுவியிருப்பாள், காற்றில் வாசம் போயிருக்கும். பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூடி மருந்தை வாசலில் ஊற்றித் துடைத்துவிடுவாள். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வருடக்கணக்கில் அந்த மருந்தைக் குனிந்து மூச்சில் வாங்கியவள் அவள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தாள். மற்ற மொழிகளை வாசிக்கத் தெரியாது. வீடு கழுவும் சாமான்களை மூடியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். வெள்ளை மூடி பிளீச், கறுப்பு மூடி கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், பச்சை மூடி தரைக்கு. புதிதாக ஒரு பாட்டில் வாங்கினால் என்னிடம் கொண்டுவந்து, "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்பாள். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுமில்ல, கம்பெனிக்காரன் விளம்பரம்" என்பேன். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். எது கண்ணை எரிக்கும், எது கையைப் புண்ணாக்கும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதையெல்லாம் தன் உடம்பை வைத்தே தெரிந்துகொண்டாள்.

அக்டோபரில் எங்கள் கத்தோலிக்க ஜெபக் குழு மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் ஜெபமாலை. சுரூபம் அன்றிரவு அந்த வீட்டில் தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். அவள் நுரையீரல் கெட்ட அந்த வருடம் எங்கள் முறை வந்தது. இருபது பேர் வருவார்கள். குழுவில் பைபிளிலிருந்து முதல் வாசகம் எப்போதும் நான்தான் வாசிப்பேன், படித்தவன் என்பதால். வருகிறவர்களில் சிலர் ஜெபம் முடிந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கழிவறைக்குப் போவார்கள். திரும்பிப் போகும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மற்ற வீடுகளைப் பற்றி நானும் பேசியிருக்கிறேன்.

மாலை நான்கு மணி இருக்கும். இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் கூடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கழிவறையில் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது.

"இன்னும் போகலயே" என்றேன்.

பிளீச் ஊற்றியிருப்பதாகவும் கொஞ்சம் ஊறட்டும் என்றும் சொன்னாள்.

"அந்தக் கறுப்பு மூடியையும் ஊத்து."

"ரெண்டும் சேந்தா ஆகாதுங்க. கண்ணு எரியும், தொண்டைய அடைக்கும்."

"லேப்ல வேலை பாத்தது யாரு, நீயா நானா? ஊத்து. ஆறு மணிக்கெல்லாம் ஆள் வந்துரும்."

சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்கு இறங்கிவிட்டேன்.

பிளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். பள்ளிக்கூடத்திலேயே படித்தது. சோதனைக்கூடத்தில் எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு எத்தனையோ முறை எச்சரிக்கை செய்திருக்கிறேன். அங்கே பாட்டில்களின் மேல் சிவப்பில் பெயர் எழுதி, தனித்தனி அலமாரியில் வைத்திருப்போம். வீட்டில் இருந்தவை அவளுடைய சாமான்கள். அவளுடைய சாமான்களுக்குள் வேதியியல் இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டால், இப்படித்தான் நடந்தது.

நான் திரும்பி வந்தபோது அவள் எங்கள் மாடி நடைபாதையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒரு கையால் அவள் முதுகைத் தடவியபடி, இன்னொரு கையால் பழைய பேப்பரை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அவள் இருமிக்கொண்டே இருந்தாள். இருமலுக்கு நடுவில் மூச்சு வாங்க இடம் கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் கால் வைத்ததும் அந்த நெடி வந்தது. என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாதா அன்று எங்கள் வீட்டுக்கு வராமல் நேராக அடுத்த பிளாக்குக்குப் போனார்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். அவளுக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, என்ன கலந்தது, எப்படிக் கலந்தது என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று முதலில் கேட்டிருந்தார். நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதனால் இப்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவளுக்கு லேபிள் படிக்கத் தெரியாது, டாக்டர். தெரியாமல் இரண்டையும் கலந்துவிட்டாள்."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என்னோடு நாற்பத்து நான்கு வருடம் வாழ்ந்தவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் கேட்டால் புரியும். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் என்னைப் பார்த்தன. பேச முடியாத நிலையில் இருந்தாள். அவள் பேச முடியாமல் இருந்தது அந்த நிமிடத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

படித்தவன் ஒரு பொய்யைச் சொன்னால் அது வேகமாக வேர் பிடிக்கிறது. மகளிடம் அதையே சொன்னேன். ஜெபக் குழுவில் சொன்னேன். எல்லோரும் என்னைத்தான் பாவம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்ததும் மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் மகள் பள்ளி ஆசிரியை. எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். அடுப்படியில் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். அம்மாவின் கை எட்டும் இடத்தில் இருந்த சவர்க்காரம், எண்ணெய், வினிகர் எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு ஒட்டினாள். பொட்டு ஒட்டியதை அம்மா தொடக் கூடாது. வீட்டை ஆண்டுகொண்டிருந்தவள் அங்கே கோப்பை கழுவவும் அனுமதி இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். யாராவது பார்க்க வந்தால் மகள் முழு விவரமும் சொல்லுவாள். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா, அதான்" என்று அவள் சொல்லும் இடத்தில் என் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் என் தேநீரைப் பார்ப்பேன்.

கோயிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வீட்டில் பொறுமையில்லாமல் நடந்துகொண்டதாகவும், பெருமை பாராட்டியதாகவும் சொன்னேன். செய்த குற்றத்தைச் சொல்லாமல் அது எந்த வகை என்பதை மட்டும் சொன்னேன். சில ஜெபங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். கோயிலை விட்டு வெளியே வந்தபோது, போனபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டைக் கழுவ ஆரம்பித்தேன். வாயால் செய்ய முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

எங்கள் அடுப்படித் தொட்டிக்குக் கீழே பதினோரு பாட்டில்கள் இருந்தன. ஒன்றோடு ஒன்று படாமல் தனித்தனியாக மூடிக் கட்டி, விசாரித்து, இந்த மாதிரிச் சாமான்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு வாசம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. திரைச்சீலையில் இருந்தது. மாப்புத் துணியில் இருந்தது. துணி அலமாரியில் பாச்சை உருண்டை, காரை விற்ற பிறகும் நான் எடுத்துவைத்திருந்த வாசனை டப்பா, குளியலறையில் தொங்கிய நீல வில்லை, எல்லாம் நான் ஆசைப்பட்டு வாங்கியவை. ஒவ்வொன்றாக வெளியே போயிற்று.

பேரங்காடிப் பெண் என்னை மறக்கவில்லை. அடுத்த முறை போனபோது, கீழ்த்தட்டில் ஒரு மூலையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குழந்தைத் துணி துவைக்கும் சோப்பு நீர், வாசனை சேர்க்காதது. "அங்கிள் வீட்டுல பேபியா?" என்றாள்.

"ஆமா. எழுபது வயசு பேபி. இன்னும் வீட்டுக்கு வரல."

அவள் சிரித்தாள். பிறகு என்ன விஷயம் என்று கேட்டாள். மூச்சுக் கோளாறு என்றேன். தன் அம்மாவுக்கும் ஆஸ்துமா என்று சொல்லி, ஒரு வாளி தண்ணீருக்கு அந்தச் சோப்பு ஒரு கரண்டி போதும், அதிகம் போட்டால் தரை வழுக்கும், கழுவுகிற தொட்டிக்குச் சமையல் சோடா போதும் என்று சொல்லிக்கொடுத்தாள். வினிகர் வாங்கப் போனவனைத் தடுத்து, அதன் புளிப்பு நெடியும் அவர்களுக்கு ஆகாது என்றாள். அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வீடு கழுவுவதைப் பற்றி ஒரு பெண் சொன்னதை நான் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கழிவறை வளையத்தைச் சோடாவும் பிரஷ்ஷும் வைத்து, முழங்காலில் நின்று தேய்த்தேன். ஒரு நாளில் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வெளிறியது. மாப்பைப் பிழிந்தால் மணிக்கட்டு இரவெல்லாம் வலித்தது. கழிவறைக் கிண்ணத்துக்குப் பின்னால் கை போகாது. கையை உள்ளே விட்டால் தலை சுவரில் இடித்தது. இதையெல்லாம் அவள் நாற்பது வருடம் செய்தாள், நான் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினேன். ஆனாலும் சொல்ல வேண்டும், அந்த வேலையில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்றும், கீழே கோப்பிக்கடையில் ரொட்டி சுடும் வாசமும் வீட்டுக்குள் வந்தன. முன்பும் வந்திருக்கும். நான்தான் விடவில்லை.

ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீடு தயார், இன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வது அந்த ஒத்திகையில் இல்லை. இனி அதற்குத் தேவையும் இருக்காது என்றுகூட நினைத்தேன்.

என் மனைவி கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சோப்பும் கத்தியும் வேண்டாத வேலை என்பதால் அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. வீட்டைப் பற்றி நான் மகளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாச்சை உருண்டைவரை சொன்னேன். மகள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, வீடு சரியாயிடுச்சு, சரி. அம்மா சரியாகலையே. நீங்க பாசாருக்குக் காய் வாங்கப் போற நேரத்துல இன்னொரு தடவ எதையாவது எடுத்துக் கலந்துட்டாங்கன்னா? உங்களுக்கும் வயசாச்சு. எந்நேரமும் பின்னாடியே நின்னு பாத்துக்க முடியுமா? அம்மா இங்கயே இருக்கட்டும்."

"இங்கயே"ன்னா எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவள் அம்மாவின் தலைக்கு மேலாகச் சுவரைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கும் புரிந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த கொத்தை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏழு மாதமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்தவள், அன்று பார்க்கவில்லை. இனி என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவ கலக்கல" என்றேன்.

"என்னப்பா?"

"நான்தான் ஊத்தச் சொன்னேன். அவ வேணாம்னா. ரெண்டும் சேந்தா கண்ணு எரியும், தொண்டைய அடைக்கும்னு சொன்னா. லேப்ல இருந்தது யாருன்னு கேட்டு ஊத்த வச்சேன். ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். உன்கிட்ட சொன்னதும் பொய்."

 மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நெசமாம்மா?"

என் மனைவி தலையாட்டினாள்.

"ஏம்மா சொல்லல? ஏழு மாசமா ஏன் வாயத் தொறக்கல?"

"யாராவது கேட்டாத்தானே?" என்றாள் அவள், கீரையை விடாமல். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எல்லாருமாப் பேசிக்கிட்டீங்க. என்னம்மா நடந்துச்சுன்னு நீயும் ஒரு வார்த்த கேக்கல, அந்த டாக்டரும் கேக்கல."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அவரா சொல்லணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லாம செத்துப்போயிருந்தா, பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு நானே சொல்லியிருப்பேன். வாசகம் வாசிக்கிறவராச்சே, நல்லாக் கேட்டுக்கட்டும்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்றேன். என் வயதுக்கு அந்த வார்த்தையை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று யோசித்தால், அதுதான் முதல் தடவை. "பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுரண்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சிவப்புப் பொட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். சிலது வரவில்லை, பாதி கிழிந்து பாட்டிலிலேயே நின்றது. அலமாரிப் பூட்டைத் திறந்து, சாவியைக் குப்பையில் போட்டாள். என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். அம்மாவைப் போய்க் கட்டிக்கொண்டாள். "சரி, விடு, கீரை கொட்டுது" என்றாள் என் மனைவி. பிறகு எழுந்து போய், நாங்கள் குடித்துவைத்த கோப்பைகளைக் கழுவினாள். மகள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கோப்பை கழுவுவதை இரண்டு பேர் நின்று பார்த்தோம்.

கிளம்பும்போது, வருகிறாயா என்று கேட்டேன்.

"வீட்டப் பாக்காம எப்படி வர்றது? நீங்க கழுவுன லட்சணத்தப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

அந்த வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் போய், அன்று உண்மையில் நடந்தது என்ன என்று சொன்னேன். மனைவி எப்போது வருகிறாள் என்று மட்டும் அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை ஜெபக் குழுவிலும் சொன்னேன். வாசகத்தை வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் இருக்கும்போது நின்று சொன்னேன்.  முடிந்த பிறகு தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்த பெண்மணி அதைக் கொஞ்சம் வேகமாகவே கொடுத்தார். அது நியாயம்தான்.

சனிக்கிழமை மகள் என் மனைவியைக் காரில் கூட்டிவந்தாள். எங்கள் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. கடைசி ஒரு மாடி ஏற வேண்டும். நடுவில் இரண்டு முறை நின்று ஏறினாள். வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்ததும் நேராக அடுப்படிக்குத்தான் போனாள்.

"இத எதை வச்சுத் தேச்சீங்க?"

இரும்பு நார் வைத்துத் தேய்த்தேன் என்றேன்.

"தொட்டி பூரா கோடு போட்டு வச்சிருக்கீங்க. இனிமே எவ்வளவு கழுவுனாலும் இந்தக் கோட்டுல அழுக்கு ஏறும்." மாப்பைத் தூக்கிப் பார்த்தாள். துணியைக் காய வைக்காமல் மூலையில் நிறுத்தியிருந்தேன். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மகள் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தேன்.

பிறகு கழிவறைக்குப் போனாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அதற்குள் போவது அதுதான் முதல் தடவை. கதவை மூடாமல் இருக்கச் சொல்ல நினைத்தேன். அவளே திறந்துதான் வைத்திருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். பிரஷ் தேய்க்கும் சத்தம்.  "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். போனேன். குனியாமல், பிரஷ்ஷின் பிடியை இன்னும் நீளமாகப் பிடித்து, கிண்ணத்துக்குப் பின்னால் எப்படிப் போவது என்று காட்டினாள். வளையம் இருந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கூடத்து ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டேன். மூச்சுக்கு அடிக்கும் மருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள், நான் என் மனைவியின் தோள்களைப் பார்த்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் முதலில் தோள்தான் தூக்கும். அவள் எங்களைப் பார்க்காமல் கீழே கார் நிறுத்துமிடத்தில் யாருடைய கார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலை வீட்டுக்காரர் புதுக்கார் வாங்கிவிட்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிவப்பு அவருக்குப் பொருந்தவில்லை என்றாள். தோள் தூக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்து, மேலும் கொஞ்ச நேரமும் போயிற்று. மருந்து மடியில் அப்படியே இருந்தது.

"நீ கெளம்புடி" என்றாள் மகளிடம். "அஞ்சு மணிக்கு மேல கடல் பாலம் ஜாம் ஆயிடும்."

"நீங்க?"

"என் பெட்டி கார் பின்னாடி இருக்கு. காலைல நீ குளிக்கும்போதே வச்சிட்டேன். அப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லு."

மகளோடு நானும் கீழே இறங்கினேன்.  காரின் பின்கதவைத் திறந்து, பெட்டியை எடுத்து என் காலடியில் வைத்தாள். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, டாக்டர் அப்பாயின்மென்ட் செவ்வாக்கிழமை. கூட நீங்க போங்க. டாக்டர் கேட்டா, இந்த தடவ அம்மாவே சொல்லட்டும். தமிழ்லயே சொல்லட்டும். நீங்க மொழிபெயர்த்தா போதும். ஒரு வார்த்த கூட்டாம, ஒரு வார்த்த குறைக்காம."

சரி என்றேன். கார் போன பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிப்டுக்கு நடந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு வாரத்துக்கு என்று கட்டிய பெட்டி அல்ல அது.